கடைக்கோடி விளக்கு

சகோதரிகளே, சென்ற மாதம் கல்மண்டபத்திலிருந்து ஒரு வாசகி எழுதிய கடிதம் இரண்டு நாள் என் மேஜையை விட்டு நகரவில்லை. கடிதம் சிறியதுதான். ஆனால் அதிலிருந்த விஷயம் சிறியதல்ல.

"எங்கள் அத்தைக்கு எழுபத்து நான்கு வயது. இரவில் இரண்டு தடவையாவது எழுந்து கொல்லைப்புறம் போக வேண்டியிருக்கிறது. சிங்கப்பூரில் இருக்கும் என் கொழுந்தன், ஆள் நடந்தால் தானாகவே எரியும் விளக்கு வாங்கி அனுப்பினார். வழி நெடுக ஒட்டியிருக்கிறோம். கூடத்துப் பக்கம் பளிச்சென்று எரிகிறது. கொல்லைப் படிக்கட்டின் பக்கம் மட்டும் அழுது வடிகிறது. போன வாரம் அத்தை அந்தப் படியில் சறுக்கி விட்டார்கள். தெய்வாதீனமாகச் சுளுக்கோடு போயிற்று. விளக்கு மட்டமா, கடைக்காரர் ஏமாற்றினாரா, அத்தையின் கண் மங்கி விட்டதா என்று வீட்டில் தினமும் வாக்குவாதம். நீங்கள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்."

தீர்ப்புச் சொல்ல நான் யார்? காலேஜில் பௌதிகம் படித்தபோது ஓம் என்பவரின் விதியை மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதிவிட்டு, அன்று மாலையே மறந்தவன். ஆகவே மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக் கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்மண்டபத்துக்குப் புறப்பட்டேன்.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்துதான் கிளம்பிற்று. அந்த ரயில் பெட்டியைப் பார்த்துத்தான் அந்தப் பக்கத்து வீடுகளைக் கட்டினார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. இந்த வீடும் அப்படித்தான். முன்னால் குறுகல், உள்ளே போகப் போக நீளம். திண்ணை, ரேழி, கூடம், சமையலறை, பிறகு ஒரு நடை, அதன் முடிவில் இரண்டு படி, கொல்லை. கூடத்திலிருந்து அந்தப் படிக்கு 15 மீட்டர் இருக்கும்.

"எங்க அத்தை கண்ணுலதான் கோளாறுன்னு எல்லாரும் முடிவு கட்டிட்டாங்க, சார்" என்றார் வாசகி.

பாட்டி நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கணுக்காலில் கட்டு. "தம்பி, என் கண்ணு நல்லாத்தான் இருக்கு. கூடத்துல நான் ஊசியில நூல் கோக்கறேன். அந்த வெளக்குதான் படிகிட்ட வந்தா கண்ணை மூடிக்குது" என்றார்.

நண்பர் பேசவில்லை. பையிலிருந்து மீட்டரை எடுத்தார். கூடத்து அலமாரியில் இருந்த மின்வழங்கியில் வைத்துப் பார்த்தார். இதைக் கடைகளில் அடாப்டர் என்றும் எஸ்.எம்.பி.எஸ். என்றும் சொல்வார்கள். வீட்டுக்கு வரும் 230 வோல்ட்டை 12 வோல்ட்டாகக் குறைத்துக் கொடுப்பது அதன் வேலை. மீட்டர் சரியாக 12 காட்டியது. பிறகு கொல்லைப் படிக்குப் போய், விளக்கு எரியும்போதே அதன் நுனியில் வைத்துப் பார்த்தார். 10.8! கிளம்பும்போது 12, சேரும்போது 10.8. குற்றவாளி நடுவழியில்தான் இருக்க வேண்டும்.

நடுவழியில் இருந்தது என்ன? சுவரோரமாக ஆணியடித்து இழுத்திருந்த, நூல் போன்ற ஒரு ஒயர். விளக்கு நல்ல விளக்கு. பாட்டியின் கண்ணும் நல்ல கண். ஒயர்தான் மெல்லிசு!

"பன்னிரண்டு வோல்ட்தானே, ஷாக் அடிக்காது, எந்த ஒயராய் இருந்தால் என்ன என்று போட்டவர் சொன்னார்" என்றார் வாசகி. சகோதரிகளே, இன்று வீட்டுக்கு வீடு வந்துகொண்டிருக்கும் தானியங்கிச் சாமான்களின் தொல்லைகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த ஒரு வாக்கியம்தான் மூல காரணம். வோல்ட் குறைந்தால் ஒயர் மெல்லிசாக இருக்கலாம் என்று நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. வோல்ட் குறையக் குறைய ஒயர் தடிமனாக வேண்டும்.

இது எப்படி என்பதைக் காசிமேட்டு மீனை வைத்தே சொல்லிவிடுகிறேன். துறைமுகத்திலிருந்து ஒரு சந்து வழியாக மீன் சுமந்து வருகிறார்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒவ்வொரு கூடையிலும் உள்ள சுமை வோல்ட். சந்தில் நடக்கும் ஆட்களின் கூட்டம் ஆம்பியர். சந்துதான் ஒயர். வந்து சேரும் மொத்த மீன்தான் வாட். பெரிய கூடையாக இருந்தால் ஒரே ஆள் போதும். சின்னக் கூடையாக இருந்தால் அதே மீனைக் கொண்டுவர எத்தனையோ பேர் வேண்டும். 230 வோல்ட்டில் ஒருவர் செய்யும் வேலைக்கு 12 வோல்ட்டில் 19 பேர் வேண்டும். 19 பேர் ஒரு முடுக்குச் சந்தில் புகுந்தால் என்ன ஆகும்? இடிபடுவார்கள், ஒவ்வொரு கூடையிலிருந்தும் கொஞ்சம் மீன் சிந்தும். புறப்பட்டபோது 12 இருந்த கூடையில் வந்து சேரும்போது 10.8 தான் இருக்கும். சிந்தியது எங்கே போயிற்று? ஒயரில் சூடாகப் போயிற்று.

"12-ல் 1.2 தானே குறைவு? பத்தில் ஒரு பங்குதானே?" என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். இந்த நாடா விளக்குகளில் மும்மூன்று எல்.இ.டி.யாக வரிசையில் கோத்திருக்கிறார்கள். அவை விழித்துக் கொள்வதற்கே ஏறக்குறைய 9 வோல்ட் வேண்டும். அதற்கு மேலே உள்ள 3 வோல்ட்தான் வெளிச்சத்தின் அளவைத் தீர்மானிக்கிறது. அந்த மூன்றில் 1.2 போய்விட்டால் வெளிச்சம் ஏறக்குறைய பாதிக்கு வந்து விடுகிறது. பாட்டி சொன்னது எவ்வளவு சரி!

இதே சங்கடம் உலகத்திலேயே பெரிய மனிதர் ஒருவருக்கும் நேர்ந்திருக்கிறது. தாமஸ் எடிசன் 1882-ல் நியூயார்க்கில், பேர்ல் தெருவில் மின்நிலையம் திறந்து ஏறக்குறைய 110 வோல்ட் நேர் மின்சாரம் கொடுத்தார். மின்நிலையத்தைச் சுற்றி ஏறக்குறைய ஒரு மைல் வரைதான் அவரால் கொடுக்க முடிந்தது. அதற்கு அப்பால் கொண்டு போக வேண்டுமானால் செம்புக் கம்பி கட்டுப்படியாகாத அளவுக்குத் தடிக்க வேண்டும். கடைசியில் வோல்ட்டை விரும்பியபடி ஏற்றி இறக்கக்கூடிய மாறு மின்சாரம்தான் ஜெயித்தது. கல்மண்டபத்து நடையில் 15 மீட்டரில் நடந்ததும் நியூயார்க்கில் ஒரு மைலில் நடந்ததும் ஒரே கதை.

நியூயார்க் வரை போவானேன்? கல்மண்டபத்துக்கு வடக்கே எண்ணூரில் 1970 முதல் 2017 வரை அனல் மின்நிலையம் ஓடியது. அதற்கும் வடக்கே அத்திப்பட்டில் 1994 முதல் வடசென்னை அனல் மின்நிலையம் மின்சாரம் தயாரித்து வருகிறது. அங்கிருந்து கிளம்பும் பெரிய கம்பிகளில் 2,30,000 வோல்ட் போகிறது. கூடையைப் பெரிதாக்கி ஆட்களைக் குறைக்கும் அதே யுக்திதான். ஊருக்குள் வந்ததும் படிப்படியாகக் குறைத்து, தெரு முனை டிரான்ஸ்பார்மரில் கடைசியாக இறக்கி, நம் வீட்டுக்கு 230 ஆகக் கொடுக்கிறார்கள். அவ்வளவு தூரம் ஜாக்கிரதையாக வந்த மின்சாரத்தை நம் வீட்டு நடையில் சிந்த விடலாமா?

நண்பர் கண்ட பரிகாரம் சுலபமானது. 12 வோல்ட்டைத் தூரம் இழுப்பதை நிறுத்தினார். 230 வோல்ட் லைனையே முறையான ஒயரில், குழாய்க்குள் பத்திரமாகக் கொல்லைப் பக்கம் கொண்டு போய், படிக்கு அருகில் ஈரம் படாத உயரத்தில் ஒரு பெட்டிக்குள் சிறிய மின்வழங்கி ஒன்றை வைத்தார். அங்கிருந்து விளக்குக்கு ஒரு மீட்டர் ஒயர்தான்.

இனி, உங்கள் வீட்டில் இப்படி ஏதாவது வைக்க நினைத்தால், கடைக்குப் போகுமுன் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக் கொள்ளுங்கள். மளிகைக் கணக்குப் போடத் தெரிந்தவருக்கு இது பிரமாதமில்லை.

முதல் கணக்கு, மின்வழங்கி. 12 வோல்ட்டில் ஓடும் சாமான்களையெல்லாம் வாட் கணக்கில் எழுதுங்கள். கல்மண்டபத்து வீட்டில் ஒரே இடத்திலிருந்து எல்லாம் ஓடினால் இப்படி வரும்: நாடா விளக்கு இரண்டு, ஒவ்வொன்றும் 24 ஆக 48, காமிரா நான்கு, தலைக்கு 6 ஆக 24, இன்டர்நெட் பெட்டிக்கு 12, ஆள் நடமாட்டம் பார்க்கும் சென்ஸார் வகையறாவுக்கு 6. மொத்தம் 90 வாட். இதை 12-ஆல் வகுத்தால் 7.5 ஆம்பியர். அதோடு கால் பங்கு கூட்டுங்கள், 9.4 ஆகிறது. கடையில் 10 ஆம்பியர் மின்வழங்கி கேளுங்கள். கணக்குக்குச் சரியாக எட்டு ஆம்பியரில் வாங்கினால், அது ராப்பகலாக முழு மூச்சில் ஓடிச் சூடேறி, சீக்கிரம் ஆயுளை முடித்துக் கொள்ளும். துணி அடுக்கிய அலமாரிக்குள் வைத்து மூடாதீர்கள். அதற்கும் காற்று வேண்டும்.

இங்கே ஒரு வேடிக்கை. காமிரா பகல் முழுவதும் ஒழுங்காகக் காட்டும். இருட்டியதும் அணைந்து அணைந்து எரியும். "காற்று, கருப்பு" என்று பயப்பட வேண்டாம்! இருட்டில் பார்ப்பதற்காக அதற்குள் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத விளக்குகள் இரவில்தான் எரிகின்றன. அப்போது அது இழுக்கும் மின்சாரமும் அதிகம். ஆகவே கணக்கில் எப்போதும் இரவுச் செலவைத்தான் எழுத வேண்டும்.

இரண்டாவது கணக்கு, 12 வோல்ட் ஒயர். போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டு கம்பி இருப்பதால் தூரத்தை இரட்டிப்பாக்க வேண்டும். 15 மீட்டர் என்றால் 30 மீட்டர். அந்த வீட்டில் இருந்தது அரை ஸ்கொயர் ஒயர். 30 மீட்டருக்கு ஏறக்குறைய 1 ஓம் தடை. விளக்குக்கு உரிய 2 ஆம்பியரை அதில் அனுப்பினால் 2 வோல்ட்டை ஒயரே விழுங்கிவிடும். அதனால்தான் விளக்கு தனக்கு உரியதை இழுக்கவே முடியாமல் மங்கிற்று. ஒன்றரை ஸ்கொயர் போட்டிருந்தால் இழப்பு 0.7 வோல்ட்; இரண்டரை ஸ்கொயர் என்றால் 0.4 வோல்ட்தான். அரை வோல்ட்டுக்கு மேல் இழக்காமல் பார்த்துக் கொள்வது நல்லது. முடியாத தூரமென்றால், நண்பர் செய்தது போல மின்வழங்கியையே விளக்குக்குப் பக்கத்தில் கொண்டு போய்விடுங்கள்.

12 வோல்ட் ஷாக் அடிக்காது என்பது வாஸ்தவம். ஆனால் 10 ஆம்பியர் கொடுக்கக்கூடிய மின்வழங்கியில் ஒரு மெல்லிய ஒயர் உரசிப் பிணைந்து கொண்டால், அது நெருப்பாகப் பழுக்கும். ஆகவே ஒவ்வொரு கிளைக்கும் ஒரு சின்ன ஃபியூஸ் போடச் சொல்லுங்கள்.

மூன்றாவது, 230 வோல்ட் பக்கம். செல்போனில் சொன்னால் ஏற்றி அணைக்கும் பிளக்குகள் வருகின்றனவே, அவற்றின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். 10 ஆம்பியர் என்று இருந்தால் 2,300 வாட்தான் அதன் எல்லை; அதிலும் நெடுநேரம் அந்த எல்லையிலேயே ஓட்டக் கூடாது. வெந்நீர் கெய்சரையும் ஏ.ஸி.யையும் அதில் சொருகினால் பிளக் உருகும். அவற்றுக்கு 16 ஆம்பியர் பிளக்தான் வேண்டும். சுவருக்குள் போகும் ஒயரும் அதற்கேற்ப இருக்க வேண்டும். விளக்குக்கும் மின்விசிறிக்கும் ஒன்றரை ஸ்கொயர், சாதாரணப் பவர் பிளக்குக்கு இரண்டரை, கெய்சருக்கும் ஏ.ஸி.க்கும் தனித் தனியாக நாலு ஸ்கொயர் என்பது வழக்கமான கணக்கு.

தண்ணீர்த் தொட்டி நிரம்பியதும் தானாக நிற்கும் மோட்டார்தான் நம் பட்டணத்து வீடுகளுக்கு மிகவும் பிரயோஜனமான தானியங்கி. ஆனால் ஒரு குதிரைச் சக்தி மோட்டார் கிளம்பும் நொடியில், ஓடும்போது இழுப்பதைப்போல் ஐந்தாறு மடங்கு இழுக்கும். சின்ன ஸ்விச் அதைத் தாங்காமல் உள்ளே பற்றிக் கொள்ளும். பிறகு தொட்டி வழிந்தாலும் மோட்டார் நிற்காது. மோட்டாருக்கென்றே உள்ள கான்டாக்டர் அல்லது ஸ்டார்ட்டர் வழியாகத்தான் அதை இணைக்க வேண்டும்.

பழைய வீட்டுக்காரர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பழைய ஸ்விச் பெட்டிகளில் லைன் ஒயர் வரும். விளக்குக்குப் போகும் ஒயர் போகும். நியூட்ரல் ஒயர் ஸ்விச்சுக்கு வராமல் நேரே விளக்குக்குப் போய்விடும். புதுமாதிரி ஸ்விச்சுகளோ எப்போதும் விழித்திருக்க வேண்டியவை. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நியூட்ரல் வேண்டும். "அதற்கென்ன, எர்த்தில் சேர்த்து விடலாம்" என்று யாராவது சொன்னால், கை கூப்பி அவரை அனுப்பி விடுங்கள். எர்த் என்பது உயிரைக் காப்பாற்ற வைத்திருப்பது. அதில் மின்சாரம் ஓடவிட்டால், ஒரு நாள் அந்த எர்த் ஒயர் எங்காவது விட்டுப் போகும்போது ஃப்ரிட்ஜின் உடம்பிலேயே மின்சாரம் வந்து நிற்கும். நியூட்ரல் ஒயரை முறையாக இழுத்த பிறகே ஸ்விச்சை வாங்குங்கள்.

மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் எம்.ஸி.பி. அடிக்கடி விழுகிறதென்று பெரிதாக மாற்றி விடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது ஒயருக்குக் காவல்காரன். திருடனைப் பார்த்துக் குரைக்கிற நாயை மாற்றிவிட்டுத் தூங்குகிற நாயைக் கட்டுவதா? மனிதர்களுக்குக் காவல் வேறு, அது ஆர்.ஸி.ஸி.பி. மின்சாரம் 30 மில்லி ஆம்பியர் அளவு வழி தவறினாலே கண நேரத்தில் அணைத்து விடும். குழந்தைகளும் வயதானவர்களும் உள்ள வீட்டில் அது இல்லாமல் இருக்கவே கூடாது.

நான்காவது, இன்வெர்ட்டர். 2016 டிசம்பரில் வர்தா புயலின்போதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வடசென்னை இருட்டில் கிடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். பாட்டியின் விளக்கு அப்போதும் எரிய வேண்டுமல்லவா? 150 ஆம்பியர்-மணி, 12 வோல்ட் பாட்டரியில் காகிதக் கணக்குப்படி 1,800 வாட்-மணி இருக்கிறது. அடி வரை காலி செய்தால் பாட்டரி கெடும். இன்வெர்ட்டரும் கொஞ்சம் தின்னும். 1,080 என்று வைத்துக் கொள்வது விவேகம். பழைய மின்விசிறி இரண்டு 150 வாட், நான்கு பல்பு 36, காமிராவும் இன்டர்நெட்டும் நாடா விளக்கும் சேர்ந்து 54. ஆக 240 வாட். நாலரை மணி நேரம் ஓடும். இதற்காக இன்னொரு பாட்டரி வாங்குமுன் ஒன்று யோசியுங்கள். மின்விசிறிகளைத் தலைக்கு 28 வாட் இழுக்கும் புது வகைக்கு மாற்றினால் மொத்தம் 146 வாட்தான். அதே பாட்டரியில் ஏழு மணி நேரத்துக்கு மேல் ஓடும். மாதா மாதம் மின்கட்டணமும் மிச்சம்.

மின்கட்டணம் என்றதும் இன்னொரு குட்டிக் கணக்கு. சும்மா விழித்திருக்கும் ஒவ்வொரு தானியங்கி ஸ்விச்சும் ஒரு வாட் தின்கிறது என்று கொண்டால், வீட்டில் 20 இருந்தால் 60 நாளில் ஏறக்குறைய 29 யூனிட் ஆகிவிடும். எல்லாம் தானாக நடக்க வேண்டுமென்ற ஆசைக்கு ஓர் அளவு வைத்துக் கொள்ள இதுவும் ஒரு காரணம்.

கடைசியாக, கடற்கரை ஓரத்துச் சகோதரிகளுக்கு மட்டும் ஒரு வார்த்தை. உப்புக் காற்றில் செம்பு பச்சைக் களிம்பு பிடிக்கும். களிம்பு பிடித்த இணைப்பு, சந்தின் நடுவே வண்டியை நிறுத்தியது போல. வெறுமனே முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகளை விட்டு, திருகி இறுக்கும் கனெக்டர்களை மூடிய பெட்டிக்குள் வைக்கச் சொல்லுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை, மழைக்காலத்துக்கு முன் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். தெருவில் முன்பு வெள்ளம் எந்த உயரம் வந்ததோ அதற்கு மேலேதான் எந்தப் பெட்டியும் இருக்க வேண்டும்.

இந்த வேலைகளையெல்லாம் நீங்களே செய்ய வேண்டுமென்று நான் சொல்லவில்லை. லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும். ஆனால் கணக்கு உங்கள் கையில் இருக்கட்டும். "எத்தனை ஸ்கொயர் ஒயர்? எத்தனை ஆம்பியர்?" என்று நீங்கள் கேட்டால், "எந்த ஒயராய் இருந்தால் என்ன" என்ற பதில் வராது.

போன வாரம் வாசகியிடமிருந்து இன்னொரு கடிதம் வந்தது. கணுக்கால் கட்டை அவிழ்த்தாயிற்றாம். இரவில் படி நன்றாகத் தெரிகிறதாம். வாட் கணக்கு எழுதிய தாளை மீட்டர் அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டி வைத்திருக்கிறாராம். கடிதத்தின் அடியில் பாட்டி சொல்லச் சொல்ல எழுதிய ஒரு வரி: "என் கண்ணைக் குத்தம் சொன்னவங்களை ஊசியில நூல் கோக்கச் சொன்னேன். ஒருத்தராலும் முடியலே."